அம்மா வாங்கி வந்த பட்டுப் பாவாடை

ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்கப் போய்த்தான் நான் பினாங்குக்கு வந்து சேர்ந்தேன்.

அப்போது திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எலக்ட்ரீசியன் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி வராமலே இருந்தார். நானே பார்க்கலாம் என்று கைபேசியில் தேடியபோது மலேசியாவிலிருந்து ஒருவன் தமிழில் பேசி விளக்கும் வீடியோ கிடைத்தது. முகம் தெரியவில்லை. இரண்டு கைகளும் ஒரு திருப்புளியும் ஒரு குரலும் மட்டும். "இந்த கிப்பாஸ கழட்டுறதுக்கு முன்னால மெயின ஆஃப் பண்ணிருங்க லா" என்றது குரல். கிப்பாஸ் என்றால் என்ன என்று கீழே எழுதிக் கேட்டேன். "அலாமாக், மன்னிச்சிருங்க. உங்க ஊர்ல ஃபேன்" என்று பதில் வந்தது.

மின்விசிறி சரியாகவில்லை. எங்கள் பேச்சு மட்டும் நிற்கவே இல்லை.

பழகிய சில மாதங்களிலேயே அவன் சொல்லிவிட்டான். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டுப் பேசப் புடிக்கலன்னா போன வெச்சிருங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றுதான் ஆரம்பித்தான். அவன் திருநம்பி. பெண் குழந்தை என்று சொல்லி வளர்க்கப்பட்டவன். தான் பெண்ணில்லை என்பது நினைவு தெரிந்த நாளிலிருந்தே தனக்குத் தெரியும் என்றான். சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு டாக்டரைப் பார்த்து ஊசி போட்டுக்கொண்டு, குரல் உடைந்து, மீசை அரும்பி, அதற்குப் பிறகுதான் கண்ணாடி பார்க்கவே பிடித்தது என்றான். நான் போனை வைக்கவில்லை. நிறையக் கேள்வி கேட்டேன். பாதி அசட்டுக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். ஒன்றுக்கு மட்டும், "அது நீங்க இங்க வந்தா சொல்றேன்" என்று சிரித்தான்.

நான் வந்தேன். பாயான் லெப்பாஸில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. வாடிக்கையாளர்கள் அனுப்பும் புகார்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பதில் எழுதும் வேலை. அந்த வேலையின் விசாவில்தான் நான் இன்றும் இங்கே இருக்கிறேன். எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்ய வழியில்லை, ஏனென்றால் அவனுடைய அடையாள அட்டையில் பழைய விவரம்தான் இருக்கிறது. அவன் அம்மா வீட்டில் விளக்கேற்றி மாலை மாற்றிக்கொண்டோம். என் அம்மா திண்டுக்கல்லிலிருந்து வீடியோவில் அதைப் பார்த்தாள். பதிவு ஏன் ஆகவில்லை என்று கேட்டபோது, வெளிநாடு, பேப்பர் வேலை, இழுக்கும் என்றேன். மற்றதைப் போனில் சொல்லக்கூடாது, நேரில் பார்க்கும்போது சொல்வோம் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம்.

சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடியில் எங்கள் வீடு. அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே அவன் அம்மா இருந்தார். நான் அவரை அத்தை என்பேன். அத்தை தன் ஆயுசில் பாதியை பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்புக்குள் குனிந்தே கழித்தவர். மகன் விஷயத்தில் அவர் பல வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தவர். இப்போது வாய் நிறைய "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அவசரத்தில் நாக்கு பழைய இடத்துக்கே ஓடிவிடும். பால் பொங்கினால் "ஏய், இங்க ஓடி வாடி!" என்று கத்திவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொள்வார். அவன் சிரித்துக்கொண்டே போய் அடுப்பை அணைப்பான்.

ஏசியை இங்கே ஏர்கோன் என்பார்கள்; அவனுக்கு ஏர்கோன் சர்வீஸ் தொழில். சொந்தமாக ஒரு பழைய வேன் வைத்திருக்கிறான். இந்த ஊரில் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அந்தத் தொழில் ஒருநாளும் படுக்காது. எந்தக் கடைக்குச் சாப்பிடப் போனாலும் அவன் முதலில் மேலே பார்ப்பான். எங்கே தண்ணீர் சொட்டுகிறது, எது உறுமுகிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் உட்காருவான். வந்த புதிதில் எனக்குச் சங்கடமாக இருந்தது. இப்போது நானும் மேலே பார்க்கிறேன். காலையில் எனக்கு முன்னால் எழுந்து கோப்பி கலக்கி, ஆறவிட்டு, நான் குடிக்கிற சூட்டில் கொண்டுவந்து வைப்பான். எனக்குச் சூடாகக் குடிக்கப் பிடிக்காது என்று ஒருமுறை சொன்னதுதான்.

எங்களுக்குள் நாங்கள் நீ, வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம். அம்மா வருகிறாள் என்று தெரிந்ததும் நான் ஒரு வாரம் "நீங்க" போட்டுப் பழகினேன். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யார்கிட்ட பேசுற, எனக்குப் பின்னால யாராச்சும் நிக்கிறாங்களா?" என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

அம்மா அதுவரை விமானம் ஏறியதில்லை. விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறந்து அவள் வந்தபோது, கையில் ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அதற்குள் நார்த்தங்காய் ஊறுகாய். அவன் போய்ப் பையை வாங்கிக்கொண்டு, "வாங்க அத்தை, பசியாறியாச்சா?" என்றான். அம்மா அப்படியே நின்றுவிட்டாள். வேனில் ஏறும்போது என் காதில், "பசியாறியாச்சான்னு கேக்குறாருடி. எம்புட்டு அழகா இருக்கு கேக்க" என்றாள். இங்கே எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெருமை அவனுக்கே இருக்கட்டும்.

அன்றே சொல்லிவிடலாம் என்றான் அவன். களைப்பாக இருப்பாள், நாளைக்குச் சொல்லலாம் என்றேன் நான். மறுநாள் அம்மா அவனுக்காக மட்டன் குழம்பு வைத்தாள். மாப்பிள்ளை சாப்பிடும்வரை உட்காரமாட்டேன் என்று நின்றே பரிமாறினாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான். அறைக்குள் வந்து என்னிடம், "எனக்கு இந்த மரியாதைய வாங்கிக்கவே கஷ்டமா இருக்கு. அவங்களுக்கு முழுசாத் தெரிஞ்சு குடுத்தா அது வேற" என்றான். "வெள்ளிக்கிழமை சாயந்தரம் சொல்லிருவோம்" என்றேன். அத்தையையும் உடன் வைத்துக்கொண்டு நால்வருமாக உட்கார்ந்து பேசுவது என்று முடிவு செய்தோம்.

அதற்குள் இரண்டு அம்மாக்களும் ஒட்டிக்கொண்டார்கள். என் அம்மா திண்டுக்கல்லில் நூல் மில்லில் வேலை பார்த்தவள். ஷிஃப்ட் என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. நான் வேலைக்குப் போன பிறகு அத்தை மேலே வந்துவிடுவார். மில் சங்கு எப்படி ஊதும், ஃபேக்டரி பஸ் எத்தனை மணிக்குக் கீழே வந்து நிற்கும், சூப்பர்வைசர்களில் எத்தனை ரகம், பஞ்சுத் தூசியில் வரும் இருமல் மோசமா, மைக்ராஸ்கோப்பில் வரும் கண்வலி மோசமா என்று சாயங்காலம்வரை ஓடும். நான் திரும்பி வரும்போது இருவரும் ஒரே தட்டில் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வாரத்தின் நடுவில் அம்மா ஒரு மாதிரி ஆகிவிட்டாள். அத்தை டம்ளரைக் கழுவப் போனால் ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள். "நீங்க உக்காருங்க சம்மந்தி, நீங்க பட்டதே போதும்" என்றாள். அத்தையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என்ன பட்டார் என்று எங்கள் இருவருக்குமே விளங்கவில்லை.

மறுநாள் அம்மா என்னிடம் துணிக்கடைக்குப் போகவேண்டும் என்றாள். அரை நாள் லீவு போட்டு லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப் போனேன். சேலை பார்ப்பாள் என்று நினைத்தால், நேராகச் சிறுபிள்ளைகள் பகுதிக்குப் போனாள். பச்சையில் அரக்குக் கரை வைத்த பட்டுப் பாவாடை ஒன்றை எடுத்தாள். எட்டு வயதுப் பெண்ணுக்கு ஆகும் அளவு. கூடவே சட்டை, ஒரு டஜன் கண்ணாடி வளையல், சிவப்பு ரிப்பன்.

"யாருக்கும்மா?"

"வேணும்."

"ஊர்ல யாருக்காவதா?"

"வேணும்னா வேணும்டி. எல்லாத்தையும் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா?"

பெரியம்மா பேத்திக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது வாசலில் அவனுடைய செருப்பு எனக்கு முன்பே கிடந்தது. உள்ளே கூடம் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. சுவர் ஓரமாக மணைப்பலகை ஒன்று. அதன்மேல் வாழையிலை, இலையில் அந்தப் பாவாடை சட்டை மடித்து வைக்கப்பட்டு, மேலே வளையலும் ரிப்பனும் ஒரு முழம் மல்லிகையும். பக்கத்தில் சர்க்கரைப் பொங்கல். குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு கைகூப்பி நின்றாள். அவன் வேலை உடுப்போடு, கையில் வேன் சாவியோடு, நடுக்கூடத்தில் நின்றான்.

"யாருக்கு அத்தை இது?" என்று கேட்டான்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க கூடப் பொறந்த புள்ளைக்குத்தான் மாப்பிள. சம்மந்தியம்மா எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாக. நீங்க யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டேங்குறீக, எனக்கு மனசு கேக்கல."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்பிள்ளையை வீட்டுக் கன்னி என்பார்கள். வெள்ளிக்கிழமையில் விளக்கேற்றி, புதுப் பாவாடை, வளையல் எல்லாம் வைத்துக் கும்பிடுவார்கள். கும்பிட்டால் அவள் வீட்டுக்குக் காவலாக நிற்பாள். மறந்துவிட்டால் நல்ல காரியம் எதுவும் கூடிவராது. கல்யாணப் பதிவு இழுத்துக்கொண்டே போவதற்கும் இதுதான் காரணம் என்று அம்மா முடிவே கட்டியிருந்தாள்.

நடந்தது இதுதான். பட்டாணி உரிக்கும்போது அத்தை தன்னை மறந்து, "எம் பொண்ணு சின்னதுல ஒரு எடத்துல நிக்க மாட்டா. பாவாடைய தூக்கிச் சொருகிக்கிட்டு ரம்புத்தான் மரத்துல ஏறிருவா" என்று சொல்லியிருக்கிறார். "உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கா சம்மந்தி?" என்று அம்மா கேட்க, அத்தைக்குத் திக்கென்றாகிவிட்டது. நாங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும். என்ன சொல்வது என்று தெரியாமல், "இருந்தா. இப்ப இல்ல" என்றவர், சொன்னதும் அவரை அறியாமலே அழுதிருக்கிறார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதிருக்கிறாள்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு எதுவும் விளங்கவில்லை. அவன் மட்டும் ஒரு நொடியில் முழுவதையும் புரிந்துகொண்டுவிட்டான். சாவியைக் கீழே வைத்தான். இலைக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அந்தப் பாவாடையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அத்தை, நீங்களும் உக்காருங்க."

அம்மா தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். மாப்பிள்ளைக்கு எதிரே அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பொண்ணு சாகல அத்தை. அது நான்தான்."

அம்மாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் நிதானமாகச் சொன்னான். பெரிய சொல் எதுவும் இல்லை. பொண்ணுன்னு சொல்லித்தான் வளர்த்தாங்க. நான் அது இல்ல. எனக்கு எப்பவும் தெரியும், மத்தவங்களுக்குப் புரிய ரொம்ப நாள் ஆச்சு. டாக்டர்கிட்ட போனேன், ஊசி போட்டேன், ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். உங்க மககிட்ட மொதல்லயே சொல்லிட்டேன். உங்ககிட்ட இன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தோம்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் எது முதலில் வரப்போகிறது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். கோபமா, அழுகையா, நாளைக்கே ஊருக்குப் போகிறேன் என்பதா. எதுவும் இல்லை. அவள் பார்வை அவன் முகத்திலிருந்து இறங்கி இலைக்குப் போனது. பாவாடை, வளையல், மல்லிகை, விளக்கு. திடீரென்று அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அய்யய்யோ! உசுரோட இருக்குற புள்ளைக்குப் படையல் போட்டுட்டேனே!"

தடாலென்று எழுந்து பூவால் விளக்கை அமர்த்தினாள். இலையைச் சுருட்டி நகர்த்தினாள். "எந்திரிக்காதீக, அப்படியே உக்காருங்க, கெழக்கப் பாத்து உக்காருங்க" என்று அவனை அதட்டிவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். உப்பு, காய்ந்த மிளகாய், கடுகு எல்லாவற்றையும் ஒரு பிடி அள்ளிவந்து அவன் தலையைச் சுற்றினாள். "என் புத்தி கெட்டுப் போச்சு, தெரியாமச் செஞ்சுட்டேன், புள்ளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே இடமும் வலமுமாகச் சுற்றி, அவனைத் துப்பச் சொல்லி, அடுப்பில் வாணலியை வைத்து அதில் கொட்டினாள்.

அடைத்த வீட்டில் மிளகாய் நெடி எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. மூன்று பேரும் இருமினோம். கண்ணில் நீர் கொட்டியது. அவன் இருமிக்கொண்டே சிரித்தான். சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கதவைத் தட்டி, என்ன எரிகிறது என்று மலாயில் கேட்டார். "ஒண்ணுமில்ல ஆன்ட்டி, என் மாமியார் எனக்கு மருந்து போடுறாங்க" என்று இவன் மலாயிலேயே பதில் சொன்னான். அந்தக் களேபரத்தில்தான் அத்தை மேலே வந்தார். மணைப்பலகையையும் பாவாடையையும் பார்த்தார். என்ன நடந்திருக்கும் என்று அவருக்கு ஊகிக்க முடிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். மறுநாள் காலையில்தான் அம்மாவுக்கு விஷயம் முழுவதுமாக உறைத்தது. இட்லி ஊற்றினாள். அவனுக்குத் தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். மாப்பிள்ளை என்ற அழைப்பு நின்றுபோனது. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

"நேர்ல சொல்லணும்னு இருந்தோம்மா."

"நேர்ல வந்து எத்தன நாளாச்சு?"

நான் இன்னொரு துணியை உதறிக் கொடியில் போட்டேன். கொஞ்சம் கழித்து, "புள்ள குட்டி?" என்றாள்.

"எங்களுக்கா பொறக்காதும்மா. வேணும்னா வேற வழி இருக்கு. இன்னும் யோசிக்கல."

"அந்த ஊசியெல்லாம் ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாதா?"

"டாக்டர் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு."

"ம்" என்றாள். அந்த "ம்" எந்தப் பக்கம் சாய்ந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவன் முகம் வாடித்தான் இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அம்மாவிடம் சண்டை போடக் கிளம்பினேன். அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். "விடு. எங்கம்மாவுக்கு எத்தன வருஷம் ஆச்சு? உங்கம்மாவுக்கு ரெண்டு நாள் குடுக்க மாட்டமா?"

அடுத்த நாள் காலை அம்மா தானாகவே இரண்டு மாடி இறங்கி அத்தை வீட்டுக்குப் போனாள். கையில் அந்தப் பாவாடை இருந்த பை. மதியம்வரை வரவில்லை. என்ன பேசினார்கள் என்பதை அத்தை பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார். அம்மா போனதும் கேட்டது ஒரே கேள்வி: "அன்னைக்கு எதுக்கு அழுதீக? உசுரோட இருக்குற புள்ளைக்கு எதுக்கு அழுதீக?"

"நானும் எம் பொண்ணு செத்துட்டான்னுதான் நெனச்சேன் சம்மந்தி" என்றாராம் அத்தை. "வருஷக்கணக்கா அப்படித்தான் அழுதேன். வீட்டுக்கே சேக்கல. ஒரு நாள் எங்க வீட்டு ஏர்கோன் கெட்டுப் போச்சு. வேற ஆளு கெடைக்கல லா, வேற வழியில்லாம அதையே கூப்பிட்டேன். வந்துச்சு. எங்கிட்ட ஒண்ணும் பேசல. ஸ்டூல் மேல ஏறி நின்னுக்கிட்டு, திருப்புளிய பல்லுல கடிச்சுக்கிட்டு, ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாக்குது. சின்னதுல வீட்டுப் பாடம் எழுதறப்போ பென்சில அப்படித்தான் கடிச்சுக்கும். ஒரு கண்ண மூடிக்கும். நான் அங்கயே உக்காந்துட்டேன். எம் புள்ள எங்கயும் போகல, நான்தான் வேற எங்கயோ தேடிக்கிட்டு இருந்திருக்கேன்னு அப்பத்தான் தெரிஞ்சிச்சு."

பாவாடையை என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லையாம். படைத்ததைப் பிறர்க்குக் கொடுக்கவும் கூடாது, வீட்டில் வைக்கவும் பயம். கடைசியில் அத்தை, "எங்கிட்டயே இருக்கட்டும். அது பாவாடை கட்டுன காலத்த பாத்தவ நான் ஒருத்திதான்" என்று வாங்கித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை அவன் வேலை முடித்து வந்தபோது அம்மா கூடத்திலேயே இருந்தாள். எழுந்து உள்ளே போகவில்லை.

"நாளைக்கு வேல எந்தப் பக்கம்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"புக்கிட் தெங்கா அத்தை. பாலத்துக்கு அந்தாண்ட. ஒரு ஃபேக்டரி ஆபீஸ்ல நாலு ஏர்கோன் கழுவணும்."

"எனக்கு இங்க உக்காந்து உக்காந்து கால் வீங்குது. நானும் வரலாமா?"

மறுநாள் வேனின் முன்சீட்டில், மடியில் சாப்பாட்டுத் தூக்கோடு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு கிளம்பிப் போனாள். நான் மாடியிலிருந்து வேன் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அலுவலகத்தில் அன்று எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு எழுதவேண்டிய பதிலை இன்னொருவருக்கு அனுப்பி வைத்தேன்.

சாயங்காலம் இருவரும் திரும்பி வந்தார்கள். அம்மாவின் சேலையெல்லாம் தண்ணீர் தெறித்து அழுக்காக இருந்தது. நன்றாகப் பசித்த முகம். அவள் குளிக்கப் போனதும் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன பேசுனாங்க?"

"நெறைய. எல்லாம் சொல்ல மாட்டேன். அது எனக்கும் அவங்களுக்கும்."

"ஒண்ணாவது சொல்லு."

யோசித்தான். "பாலத்து மேல போறப்போ கேட்டாங்க. 'சின்னதுல பாவாடை கட்டச் சொல்லி அடிச்சாகளா'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"அடிச்சாங்கன்னேன்."

"அதுக்கு?"

"கடலையே பாத்துக்கிட்டு வந்தாங்க. பாலம் முடியறப்போ என் கையில ஒரு தட்டு தட்டிட்டு, 'மத்தியானம் என்ன சாப்பிடலாம்'னு கேட்டாங்க. தூக்குல சோறு இருக்கே அத்தைன்னேன். 'அது கெடக்கட்டும், உங்க ஊரு சாப்பாடு வாங்கிக் குடுங்க'ன்னாங்க. நாசி கண்டார் வாங்கிக் குடுத்தேன். ரெண்டு தடவ கொழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க."

அப்போது அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "மாப்பிள, காபி ஆறுது."

அவன் எழுந்து போனான். நான் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அத்தை, அப்படித்தான் கூப்பிடணும்னு கட்டாயம் இல்ல. உங்களுக்கு வாய்க்கு எது வருதோ அப்படிக் கூப்பிடுங்க."

"பின்ன என்னன்னு கூப்பிடச் சொல்றீக? மாப்பிளைய பேரச் சொல்லியா கூப்பிட முடியும்? குடிங்க."

ஊருக்குக் கிளம்பும் நாள் வந்தது. விமான நிலையத்தில் அம்மா எங்கள் இருவரையும் ஓரமாக அழைத்துப் போனாள். "ஊர்ல நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல" என்றாள். "சொன்னா நூறு வாய் பேசும். அத்தன வாய்க்கும் பதில் சொல்ல எனக்குத் தெம்பு கெடையாது. தப்பா எடுத்துக்காதீக."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவன், "எங்கம்மாவே இன்னும் பாதிச் சொந்தத்துகிட்ட சொல்லல அத்தை. நீங்க வந்ததே போதும்" என்றான். அம்மா அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தன் முந்தானையை எடுத்து, அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள். இவ்வளவு குளிர்ந்த இடத்தில் இவருக்கு மட்டும் எப்படி வேர்க்கிறது என்று என்னைக் கேட்டாள். அவன் உடனே மேலே பார்த்து, "இந்தப் பக்கம் காத்து சரியா வரல அத்தை, ஃபில்டர் கழுவி ரொம்ப நாளாச்சு போல" என்றான்.

அம்மா ஊருக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இப்போதெல்லாம் அவள் எனக்கு அழைப்பதில்லை, நேராக அவனுக்குத்தான் அழைக்கிறாள். ஃப்ரிட்ஜ் உறுமுகிறது, மோட்டார் தண்ணி எடுக்கவில்லை, கேஸ்காரன் வரவில்லை. "கம்ப்ரஸர் பக்கம் போன காட்டுங்க அத்தை" என்று இவன் சொல்ல, அவள் போனைத் தலைகீழாகக் காட்ட, பேச்சு அரை மணி நேரம் போகும். நான் குறுக்கே போய் நலமா என்று கேட்டால், "இருடி, முக்கியமான விஷயம் பேசிக்கிட்டு இருக்கோம்" என்பாள்.

போன மாதம் அவனுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். திண்டுக்கல்லிலிருந்து பார்சலில் நிலவேம்புப் பொடி வந்து இறங்கியது. கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. காலையும் மாலையும் வீடியோவில் அம்மா வந்து உட்கார்ந்துகொள்வாள். கஷாயம் இறங்கும்வரை நகரமாட்டாள்.

"குடிச்சிட்டேன் அத்தை."

"டம்ளரக் கவுத்துக் காட்டுங்க."

அவன் கவிழ்த்துக் காட்டினான். அடியிலிருந்து கரும்பச்சையாக ஒரு மடக்கு வழிந்து போர்வையில் கொட்டியது.

"பாத்தீகளா, பாத்தீகளா! இம்புட்டு வச்சிருக்கீக. ஏண்டி, இன்னும் அரை டம்ளர் ஊத்திக் குடு."

அவன் என்னைப் பார்த்தான், காப்பாற்றச் சொல்லும் கண்களோடு. நான் போய் இன்னும் அரை டம்ளர் ஊற்றிக்கொண்டு வந்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தான். அம்மா அங்கே இருந்துகொண்டு, "கொஞ்சம் கருப்பட்டியக் கிள்ளி வாயில போடு, பாவம்" என்றாள்.